எண்ணிக்கைக்கு நின்ற கோய்மன்

கடற்படை லெப்டினன்ட் ரைன்டர்ட் கோய்மன், போர் முடிந்த வருடம் எங்கள் துறைமுக ஊரான டென் ஹெல்டருக்கு இரண்டு முறை திரும்பி வந்தார். இரண்டாம் முறை வந்து கதவைத் தட்டியபோது, முதல் முறை வந்தவர் சமையலறையில் உட்கார்ந்து உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார். கதவைத் திறந்த அவர் மனைவி நேல்ட்யே, வாசலில் நின்றவரையும், கையில் கத்தியோடு பின்னால் எழுந்து வந்தவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு, மழை பெய்கிறது என்கிற ஒரே காரணத்துக்காக வந்தவரை உள்ளே விட்டாள். எங்கள் ஊரில் பாதி வீடுகளை இங்கிலாந்துக்காரர்களின் குண்டு தின்றிருந்தது, மீதியில் பாதியை ஜெர்மானியர்கள் இடித்திருந்தார்கள். ஆனாலும் யாரையும் மழையில் நிறுத்திவைத்துப் பேசுகிற வழக்கம் எங்களிடம் வரவில்லை.

முதலில் வந்தவரைப் பற்றி யாருக்கும் சந்தேகம் கிடையாது. மே மாதக் கடைசியில் இங்கிலாந்திலிருந்து வந்த கடல் கண்ணிவெடிகளை அகற்றும் கப்பலில், மார்பில் பதக்கத்தோடு, வெயிலில் கறுத்துப்போய் இறங்கியவர். இரண்டாமவர் ஐந்து வாரம் கழித்து ரயிலில் வந்தார். அவருக்குச் சாந்தில் வார்த்த தலை. கண்ணும் புருவமும் சாயத்தால் எழுதியவை. நீண்ட கம்பளி மேலங்கியும், அதற்குக் கீழே ஒரு ஜோடி பூட்ஸும் இருந்தன. இடையில் என்ன இருந்தது என்று யாரும் திறந்து பார்க்கவில்லை. அவரை முழங்கையைப் பிடித்து அழைத்து வந்தவர் ஹில்பிராண்ட் ஸ்வார்ட் என்கிற இன்னொரு கடற்படை அதிகாரி. சிறையிலிருந்து அப்போதுதான் விடுதலையானவர், எலும்பும் தோலுமாக இருந்தார்.

"இவரு உங்க வீட்டு ஆளும்மா" என்றார் ஸ்வார்ட், தொப்பியைக் கழற்றிக்கொண்டே. "முதல் வருஷம் நானும் இன்னொருத்தரும் ஆளுக்கொரு பக்கம் தாங்கிப் பிடிச்சோம். அப்புறம் அவரே நிக்க ஆரம்பிச்சுட்டாரு. கதவைத் திறந்துவிட்டப்ப எங்ககூடவே நடந்து வந்தாரு. எங்கயோ விட்டுட்டு வர எனக்கு மனசு வரலை."

விஷயம் இதுதான். நாற்பதாம் வருடம் நாடு ஐந்தே நாளில் விழுந்த பிறகு, ஜெர்மானியர்கள் எங்கள் அதிகாரிகளிடம் ஒரு தாளை நீட்டினார்கள். உங்களுக்கு எதிராகக் கை ஓங்க மாட்டேன் என்று வாக்குக் கொடுத்துக் கையெழுத்துப் போட்டால் வீட்டுக்குப் போகலாம். போடாவிட்டால் சிறை. ஏறக்குறைய எல்லோரும் போட்டார்கள். போட்டவர்கள் அன்று மாலையே வீட்டுக்கு வந்து செருப்பை மாற்றிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தார்கள். போடாதவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அந்தச் சிலரில் ரைன்டர்ட் ஒருவர். அப்போது நேல்ட்யேவுக்கு ஏழு மாதம். அவரைக் கொண்டுபோய் ஜெர்மனியில் ஒரு மலைக்கோட்டையில் அடைத்தார்கள். அங்கே கைதிகளை முற்றத்தில் ஐந்தைந்து பேராக நிறுத்தி நாள் தவறாமல் எண்ணுவார்கள். எண்ணிக்கை சரியாக இருந்தால் உலகமே சரியாக இருப்பதாக அந்தக் கோட்டையின் காவல் தலைவருக்கு எண்ணம். எங்கள் ஆட்கள் அதைக் கவனித்துவிட்டார்கள். சாந்தில் ஒரு தலையை வார்த்தார்கள், சாயம் பூசினார்கள், மேலங்கி மாட்டினார்கள். நாற்பத்தொன்றாம் வருட இலையுதிர் காலத்தில் ரைன்டர்ட், கோட்டைக்கு வெளியே கைதிகளை உலாவ விடும் மைதானத்தில் இருந்த மழைநீர்க் குழிக்குள் இறங்கி மூடியை இழுத்துக்கொண்டார். மாலை எண்ணிக்கையில் அவருக்குப் பதிலாகப் பொம்மை நின்றது. எண்ணிக்கை சரியாக இருந்தது. அவர் இருட்டியதும் நடக்கத் தொடங்கி, எல்லையைத் தாண்டி, பிறகு இன்னும் பல எல்லைகளைத் தாண்டி, கடைசியில் இங்கிலாந்து போய்ச் சேர்ந்து கப்பல் ஏறிவிட்டார். பொம்மை மறுநாளும் நின்றது. அதற்கு மறுநாளும். போர் முடியும்வரை அங்கே யாருக்கும் ஒரு ஆள் குறைவதாகத் தெரியவில்லை.

நேல்ட்யேவுக்கும் தெரியவில்லை. தப்பியவர் இங்கிலாந்திலிருந்து எழுத வழியில்லை. கோட்டையிலிருந்தோ மாதாமாதம் அஞ்சலட்டை வந்துகொண்டிருந்தது. முன்பு கிறுக்கலாக இருந்த கையெழுத்து, நாற்பத்தொன்றின் கடைசியிலிருந்து கோடு போட்டது போல நேராகிவிட்டது. சிறையில் ஒழுங்கு கற்றுக்கொண்டிருக்கிறார் என்று அவள் நினைத்துக்கொண்டாள். நலம், குளிர் அதிகம், குழந்தை எப்படி இருக்கிறாள், என்று எழுதியிருக்கும். அவள் பதில் எழுதினாள். குழந்தைக்கு லேனா என்று பெயர் வைத்ததை எழுதினாள், முதல் பல் வந்ததை எழுதினாள், கோழிகளுக்குப் பிரசங்கம் செய்கிறாள் என்று எழுதினாள். நாற்பத்துமூன்று டிசம்பரில் ஊரில் தொண்டை அடைப்பான் பரவியது. மருந்து இல்லை, வண்டி இல்லை, ஊரடங்கு வேறு. மூன்று வயது லேனா நான்கே நாளில் போய்விட்டாள். அதையும் நேல்ட்யே எழுதினாள். பதில் அட்டையில் இரண்டே வரிகள் இருந்தன: இன்று எண்ணிக்கையில் என்னால் நிற்க முடியவில்லை. இரண்டு பேர் தாங்கிப் பிடித்தார்கள்.

அந்த அட்டையை நெஞ்சில் வைத்துக்கொண்டுதான் அவள் பசிப் பஞ்சத்தின் குளிர்காலத்தைத் தாண்டினாள். ஆகவே கப்பலிலிருந்து ரைன்டர்ட் இறங்கி வந்தபோது, அழ ஒரு துணை வந்துவிட்டது என்றுதான் ஓடினாள். அவருக்கோ தனக்கு ஒரு மகள் பிறந்தது மட்டும்தான் தெரியும், இறந்தது தெரியாது. வாசலில் வைத்தே அவள் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டார். பையைக் கீழே வைத்தார். "கூரையில ரெண்டு ஓடு நகர்ந்திருக்கு போல" என்று சொல்லிவிட்டு ஏணி தேடப் போனார். அந்த வாரமே கூரையைச் சரிசெய்தார், தண்ணீர்க் குழாயைச் சரிசெய்தார், கோழிக்கூட்டுக்குக் கதவு போட்டார். அந்த வீட்டில் அவர் கை படாமல் மிச்சமிருந்தது அவள் மட்டும்தான்.

அவளுக்கு அவரிடம் வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. ஹௌஸ்டௌனன் மணல்மேட்டுக்குப் பின்னால் லேனாவைப் புதைத்த இடத்துக்கு, ஒரு ஞாயிற்றுக்கிழமை, தன்னோடு அவர் வந்து நிற்க வேண்டும். அவ்வளவுதான். அவரும் மாட்டேன் என்று ஒருநாளும் சொல்லவில்லை. தேவாலயம் முடிந்து, காப்பி குடித்து, அவள் தொப்பியை மாட்டித் தண்ணீர்க் குவளையை எடுத்துத் திரும்பும்போது, அவர் இருக்க மாட்டார். முதல் ஞாயிறு ஜன்னல் வழியாகப் போயிருந்தார். அடுத்த ஞாயிறு அவள் ஜன்னலைத் தாழிட்டாள். நிலக்கரி கொட்டும் துவாரம் வழியாகப் போயிருந்தார். அதையும் அடைத்தாள், அடுப்புப் புகைக்குழாய் வழியாகப் போனார், சட்டையில் ஒரு துளி கரி ஒட்டவில்லை. எல்லாவற்றையும் பூட்டிச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு அவள் எதிரிலேயே உட்கார்ந்திருந்த ஞாயிறு, பேசிக்கொண்டிருக்கும்போதே மெலிந்து மெலிந்து சாவித்துவாரம் வழியாக வெளியேறினார். ஒவ்வொரு முறையும் அவரைக் கடல் அணையின் மேல் கண்டுபிடித்தார்கள், தண்ணீரைப் பார்த்தபடி. வேண்டுமென்று செய்யவில்லை என்று அவர் சத்தியம் செய்தார். அது உண்மையாகவும் இருக்கலாம். தப்பிப் பழகிய உடம்பு, கதவைக் கண்டால் நிற்காது என்று மருத்துவர் சொன்னார், உப்பைக் குறைக்கச் சொன்னார்.

இந்த நிலையில்தான் சாந்துத் தலைக்காரர் வந்து சேர்ந்தார். வந்த முதல் ஞாயிறு, ரைன்டர்ட் காணாமல் போனதும், அவரைத் தங்கவைத்திருந்த மேல்மாடத்திலிருந்து பூட்ஸ் சத்தம் இறங்கி வந்தது. அவர் தண்ணீர்க் குவளையை நேல்ட்யேவின் கையிலிருந்து வாங்கிக்கொண்டு வாசலில் போய் நின்றார். அவருடைய வெள்ளைக் கன்னங்களில் கண்ணிலிருந்து தாடைவரை இரண்டு பள்ளங்கள் ஓடுவதை அவள் அப்போதுதான் கவனித்தாள். உளியால் போட்டவை அல்ல. தண்ணீர் ஓடி ஓடி அரித்தவை. தன் கடிதத்தைப் படித்தது யார் என்று அவளுக்கு விளங்கிவிட்டது. அன்று கல்லறைக்குப் போகும் வழியெல்லாம் அவள் அழுதாள், ஒன்றரை வருடம் அடக்கிவைத்த அழுகை. அவர் பக்கத்தில் நின்று, அவள் முடிக்கும்வரை அசையவில்லை. அசையாமல் நிற்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது.

ஊர் இதை எப்படி எடுத்துக்கொண்டது என்று கேட்பீர்கள். உணவு அட்டை அலுவலகத்தில் இருந்தவர், பெயர் கப்பலில் வந்தவர்கள் பட்டியலிலும் இருக்கிறது, விடுதலையானவர்கள் பட்டியலிலும் இருக்கிறது என்று இரண்டு அட்டையாகக் கொடுத்துவிட்டார். பாதிரியார் வந்து, இரண்டாமவர் எங்கே தூங்குகிறார் என்று விசாரித்தார். மாடத்தில், நின்றபடி என்று தெரிந்ததும், அதற்கு எதிராக வேதத்தில் வசனம் எதுவும் இல்லை என்று ஒரு பிஸ்கட்டோடு கிளம்பிவிட்டார். உண்மையான கலவரம் வந்தது திரைச்சீலையால்தான். எங்கள் ஊரில் தெருப்பக்க ஜன்னலுக்குத் திரை இழுக்க மாட்டோம். உள்ளே மறைக்க ஒன்றும் இல்லை என்று தெரு முழுக்கத் தெரிய வேண்டும். ஒரே மேசையில் இரண்டு கோய்மன்கள் எதிரெதிரே உட்கார்ந்திருப்பதை ஊர் மூன்று வாரம் பார்த்துச் சலித்துவிட்டிருந்தது. நான்காம் வாரம் நேல்ட்யே வெட்கப்பட்டுத் திரையை இழுத்தாள். மறுநாள் காலையே எதிர்வீட்டு விதவை டூயின்கரம்மா வந்துவிட்டாள்.

"ஏன்டி, வீட்ல யாராவது போயிட்டாங்களா?"

"இல்லையே டூயின்கரம்மா."

"அப்புறம் எதுக்குத் திரை? ரெண்டு புருஷன் வெச்சிருக்கே, சரி, போர்க்காலம், எவ்வளவோ நடந்துபோச்சு. ஆனா ஜன்னலை மூடுறது நல்லா இல்லை. தெருவுல என்ன நினைப்பாங்க?"

நேல்ட்யே திரையை விலக்கினாள். அதற்குப் பிறகு யாரும் குறை சொல்லவில்லை. வெள்ளைக் கோய்மன் என்று அவருக்குப் பெயர் வைத்து, தெருவில் கண்டால் தொப்பியைத் தொட்டு வணக்கம் சொன்னார்கள். ரைன்டர்டைக் கண்டால் பதக்கத்தைப் பற்றி இரண்டு வார்த்தை கேட்டுவிட்டு, அவர் அடுத்த சந்துக்குள் நழுவுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வீட்டுக்குள் கதை வேறு. ரைன்டர்டுக்கு அந்த முகத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை. தன் முகத்தை வேறு யாரோ தன்னைவிட நன்றாகப் பயன்படுத்துவது போல இருந்தது அவருக்கு. ஒருநாள் சாப்பாட்டின்போது கரண்டியை வீசிவிட்டுக் கத்தினார். "நான் அங்க போர் செஞ்சேன். ரெண்டு கப்பல் எனக்குக் கீழ முழுகிச்சு. இந்தப் பொம்மை என்ன செஞ்சுது? நின்னுச்சு!"

"ஆமா, நின்னுச்சு" என்றாள் நேல்ட்யே. "யாராவது ஒருத்தர் நிக்கணுமில்ல."

"அப்ப நானும் அந்தத் தாள்ல கையெழுத்துப் போட்டிருக்கணும்ங்கிறியா? எதிரிக்கு வாக்குக் கொடுத்துட்டு வீட்ல வந்து கஞ்சி குடிச்சிருக்கணுமா?"

"நான் அப்படிச் சொல்லலை ரைன். அன்னிக்கி நீ செஞ்சது சரின்னுதான் எல்லார்கிட்டயும் சொன்னேன், வயித்தைத் தூக்கிட்டு வரிசையில நின்னப்பகூடச் சொன்னேன். அவனுங்களுக்குக் கொடுக்காத வாக்கை எனக்காவது கொடுப்பேன்னு நினைச்சேன். ஒரு ஞாயித்துக்கிழமை. ஒரே ஒரு ஞாயித்துக்கிழமை வா."

அவர் வருகிறேன் என்றார். மனதாரத்தான் சொன்னார். ஞாயிறு வந்தது, காப்பிக் கோப்பையில் ஆவி அடங்குவதற்குள் நாற்காலி காலியாக இருந்தது. மாடத்திலிருந்து பூட்ஸ் சத்தம் இறங்கி வந்தது.

இப்படி இரண்டு குளிர்காலம் போயிற்று. எங்கள் ஊர் மழையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அது மேலிருந்து பெய்வதைவிடப் பக்கவாட்டில்தான் அதிகம் பெய்யும். குடை நிற்காது. ஒவ்வொரு ஞாயிறும் மணல்மேட்டில் நின்று நின்று வெள்ளைக் கோய்மனின் தலை கரையத் தொடங்கியது. முதலில் மூக்கின் நுனி போயிற்று, பிறகு ஒரு காது. நேல்ட்யே கொத்தனாரிடம் சாந்து வாங்கிவந்து, சமையலறை மேசையில் அவரை உட்காரவைத்து ஒட்டினாள். அவள் ஒட்டிய மூக்கு அவருடைய பழைய மூக்கைப் போல இல்லை, கொஞ்சம் லேனாவின் மூக்கைப் போல வந்துவிட்டது. இன்னொரு குளிர்காலத்தை அவர் தாங்க மாட்டார் என்று கொத்தனார் வெளிப்படையாகவே சொன்னார். தன் துக்கத்துக்குத் துணை நிற்பவரைத் தானே கரைத்துக்கொண்டிருக்கிறோம் என்கிற எண்ணம் அவளை அரித்தது. அதற்காகத் தனியாகப் போகவும் அவளால் முடியவில்லை. தனியாகப் போன ஒன்றரை வருடம் எப்படி இருந்தது என்று அவளுக்குத் தெரியும்.

நாற்பத்தேழாம் வருட வசந்தத்தில் ரைன்டர்டுக்கு உத்தரவு வந்தது. கிழக்கிந்தியத் தீவுகளில் கலகம், அதிகாரிகள் போதவில்லை, சுரபாயா துறைமுகத்துக்குப் போக வேண்டும், மூன்று வருடம். அந்தத் தீவுகளை ஆள எங்களுக்கு என்ன உரிமை என்று அப்போதே கேட்டவர்கள் எங்கள் ஊரிலும் உண்டு, தாழ்ந்த குரலில். ரைன்டர்ட் அதைப் பற்றியெல்லாம் யோசிக்கவில்லை. ஊருக்கு வந்த பிறகு முதல் தடவையாக அவர் சீட்டியடித்ததை நேல்ட்யே கேட்டாள். பெட்டியைத் துடைத்தார், சீருடைக்குப் பொத்தான் தைத்தார். கப்பல் அடுத்த ஞாயிறு நண்பகல் கடல்நீர் ஏறும் நேரத்தில் கிளம்புவதாக இருந்தது.

"போ" என்றாள் அவள், பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டே. "தப்பிச்சுப் போறது உனக்குக் கைவந்ததுதானே. பதக்கமே குடுத்திருக்காங்க."

"இது உத்தரவு நேல்ட்யே. நான் கேட்டு வாங்கலை."

"சீட்டியடிக்கவும் உத்தரவா?"

அந்த ஞாயிறு ரைன்டர்ட் சீக்கிரமே எழுந்து முகம் மழித்தார். சீருடையை நாற்காலியில் மடித்துவைத்துவிட்டு, பழைய சட்டையோடு காப்பி குடிக்க உட்கார்ந்தார். வழக்கமான நேரம் வந்தது. அன்று அவர் எங்கும் தப்பத் தேவையே இல்லை, இன்னும் சற்று நேரத்தில் கடற்படையே அவரைக் கொண்டுபோகப் போகிறது. ஆனாலும் நேல்ட்யே பழக்கத்தில் தொப்பியை எடுக்கப் போய்த் திரும்பியபோது நாற்காலி காலியாக இருந்தது. பூட்ஸ் சத்தம் இறங்கி வந்தது. வெள்ளைக் கோய்மன் தண்ணீர்க் குவளையைத் தொடவில்லை. நேராக நாற்காலிக்குப் போய்ச் சீருடையை எடுத்து, ஒவ்வொன்றாக அணிந்துகொண்டார். கழுத்துப் பொத்தான் மட்டும் அவர் சாந்து விரல்களுக்கு அகப்படவில்லை. அவள் பக்கம் திரும்பி, மோவாயை உயர்த்தி நின்றார்.

அவள் அந்த இடத்தில் ஒரு குரல் கொடுத்திருக்கலாம். கடல் அணை கூப்பிடு தூரம்தான். வெளியே ஓடிப்போய் ரைன் என்று கத்தியிருந்தால் அவர் வந்திருப்பார். இந்த வெள்ளை முகத்தை இனி எந்த ஞாயிறும் பார்க்கப்போவதில்லை என்று அவளுக்குத் தெரிந்தது, இன்னொரு மழைக்காலம் இங்கே இருந்தால் அந்த முகமே இருக்காது என்பதும் தெரிந்தது. பொத்தானை மாட்டினாள். காலரைச் சரிசெய்தாள். அவர் கையை நீட்டினார், அவள் குலுக்கினாள். பிறகு அதுபோதாமல், தான் ஒட்டிய அந்த மூக்கில் முத்தமிட்டாள். அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு துறைமுகம் நோக்கி நடந்தார்.

கப்பல் மேல்தளத்தில் அதிகாரிகளை எண்ணினார்கள். எண்ணிக்கை சரியாக இருந்தது. லெப்டினன்ட் கோய்மன் சுரபாயாவில் மூன்று வருடம் வேலை பார்த்தார். குறித்த இடத்தில் குறித்த நேரத்தில் நிற்பவர் என்று மேலதிகாரிகளிடம் நல்ல பெயர். கலகக்காரர்களை நோக்கிச் சுடச் சொன்னபோது அவர் கை உயரவில்லை என்றும், அதற்காக அவரைக் கிடங்குக் காவலுக்கு மாற்றினார்கள் என்றும் கேள்வி. அதற்குள் தீவுகள் தனி நாடாயின, கப்பல்கள் திரும்பின. அவர் திரும்பவில்லை. வெயிலும் நிழலுமான ஏதோ ஒரு துறைமுகத்தில் இன்னும் நிற்கிறார் என்று சிலர் சொல்கிறார்கள். அவருக்கு ஓய்வு கொடுக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றியிருக்காது.

அந்த ஞாயிறுக்கு வருவோம். கப்பலின் சங்கு கேட்டதும் ரைன்டர்ட் அணையிலிருந்து ஓடிவந்தார். சீருடை இல்லை, பெட்டி இல்லை. துறைமுகத்துக்கு ஓடினார். கப்பல் டெக்ஸல் தீவுக்கு முன்னால் புகையாகத் தெரிந்தது. கரையில் இருந்த அதிகாரியிடம், நான்தான் கோய்மன், என்னை விட்டுவிட்டுப் போய்விட்டார்கள் என்றார். அதிகாரி தாளைப் பார்த்தார். "கோய்மன் ஏறிட்டாரே. நானேதான் எண்ணினேன். நீங்க யாரு?" என்றார், மரியாதையாகத்தான் கேட்டார். ரைன்டர்ட் தாளில் தன் பெயருக்கு எதிரே இருந்த குறியைப் பார்த்தார். வீட்டுக்கு நடந்தார். நேல்ட்யே கூடத்தில் தொப்பியோடு, தண்ணீர்க் குவளையோடு நின்றுகொண்டிருந்தாள். கதவு திறந்தே கிடந்தது. ஜன்னலையும் அவள் திறந்துவைத்திருந்தாள், புகைக்குழாய் மூடியையும்கூட. அவர் எல்லாவற்றையும் ஒருமுறை பார்த்தார். எந்த வழியாகப் போவது என்று அவர் உடம்பு தேடியது அவளுக்குக் கண்ணால் தெரிந்தது. மாடத்திலிருந்து எந்தச் சத்தமும் வரவில்லை. அவர் இரண்டு கால்களும் தரையில் கனத்துப்போய் நின்றார்.

"அவன் எங்க?" என்றார்.

"போயிட்டாரு. இனிமே உனக்குப் பதிலா நிக்க ஆளில்லை ரைன்."

அவர்கள் மணல்மேட்டுக்கு நடந்தார்கள். காற்று முகத்தில் அறைந்தது, மழை பக்கவாட்டில் வந்தது. கல் மிகச் சிறியது, அவர் முழங்கால் உயரம்கூட இல்லை. அவர் அதன் முன்னால் கைகளைத் தொங்கவிட்டபடி நின்றார். நேல்ட்யே குவளைத் தண்ணீரைக் கல்லின் அடியில் ஊற்றினாள். அவர் கேட்டார், "முடி என்ன நிறம்?"

"உன் நிறம்தான். ஆனா சுருட்டை. சீப்பு எடுத்தாலே மேசைக்கடியில ஓடிருவா."

"பிடிக்க முடியாதா?"

"எங்க பிடிக்கிறது? ஒரு இடத்துல நிக்க மாட்டா. அப்பனை மாதிரி."

அவர் சிரிக்கப் பார்த்தார். அந்தச் சிரிப்பு பாதியில் உடைந்தது, அவர் கல்லைப் பிடித்துக்கொண்டு மண்டியிட்டு, சத்தம் போட்டு அழுதார். ஏழு வருடத்துக்கான அழுகை. நேல்ட்யே அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள். அவளும் அழுதாள். அந்த நேரத்தில் அவள் மனதில் பரிதாபத்தைவிடக் கோபம்தான் அதிகம் இருந்தது. ஆனால் பிடியை விடவில்லை. பிறகு அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். என்ன சாப்பிடுவாள், எதற்குப் பயப்படுவாள், கடைசியில் யாரைக் கூப்பிட்டாள். அவள் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள், கடைசிக் கேள்விக்கும்.

திரும்பி வரும்போது விளக்கேற்றும் நேரமாகிவிட்டது. நனைந்து ஒழுகிக்கொண்டு இருவரும் தெருவில் நடந்து வருவதை டூயின்கரம்மா தன் திரையில்லாத ஜன்னலிலிருந்து பார்த்தாள். கதவைத் திறந்துகொண்டு வாசலுக்கே வந்துவிட்டாள். அவர் முகத்தில் அழுது அழுது ஏற்பட்ட சிவந்த கோடுகளை உற்றுப் பார்த்தாள்.

"ஏன் நேல்ட்யே, கோய்மன் இன்னிக்கிக் கப்பல்ல போறாருன்னு சொன்னியே?"

"லெப்டினன்ட் போயிட்டாரு டூயின்கரம்மா. இவன் என் புருஷன்."

டூயின்கரம்மா தலையை ஆட்டினாள், மழையில் நிற்காதீர்கள் என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள்.